ஓரின் ட்வெட்டின் ஒன்பது துப்பாக்கிகள்

ஓரின் ட்வெட் எண்பத்தாறு வருஷம் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தாலும் ஒரு பால்கேன் நிறையாது. கல்லுளிமங்கன். கடைசியில் எழுதிவைத்துவிட்டுப் போனதும் நான்கே வரிதான். வீடும் நிலமும் மகன் டுவேனுக்கு. துப்பாக்கிகள் ஒன்பதும் மகள் ஆர்லிஸுக்கு. என்னை எரித்து, சாம்பலில் கொஞ்சம் எடுத்து மூன்று தோட்டாக்களில் அடைத்து, வேட்டை தொடங்குகிற சனிக்கிழமை பெரிய பள்ளத்துக்கு மேலே சுடுங்கள். மீதியை உங்கள் அம்மா டோரிஸ் பக்கத்தில் புதையுங்கள்.

தோட்டாவில் சாம்பல் என்றதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. தெற்கு டக்கோட்டாவின் அந்த மூலையில் அப்படிப் போய்ச் சேர்ந்தவர்கள் முன்பே இரண்டு பேர் உண்டு. துப்பாக்கிகள் ஆர்லிஸுக்கு என்றதுதான் எல்லார் தொண்டையிலும் முள்ளாக நின்றது. டுவேன் ஒவ்வொரு அக்டோபரும் அப்பாவோடு ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழிச் சேவல் வேட்டைக்கு நடந்தவன். ஆர்லிஸோ பதினைந்து வயதில் நிறுத்தியவள், இப்போது ஐம்பத்துமூன்று. நகரத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாள். துப்பாக்கி பிடித்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது.

அவளுக்கே விளங்கவில்லை. இது மன்னிப்பா, குத்திக்காட்டலா? 'விட்டுவிட்டுப் போனாயே, இந்தா, கட்டிக்கொண்டு அழு' என்கிறாரா? கேட்கலாம் என்றால் ஆள் இப்போது ஒரு தகர டப்பாவுக்குள் இருந்தார். தூக்கம் கெட்டுப்போனதுதான் மிச்சம். கடைசியில் துப்பாக்கி வியாபாரி ஒருவரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வந்து ஒன்பதையும் எடுத்துப் போகச் சொல்லிவிட்டாள். டுவேனிடம் தகவல் மாதிரி சொன்னாள். 'உன் சாமான், உன் இஷ்டம்' என்றவன், அதற்குப் பிறகு மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். எனக்குக் கொடு என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டான். அப்பனுக்குப் பிள்ளை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆர்லிஸ் நிலவறைக்கு இறங்கினாள். தோட்டா அடைக்கிற மேசை அப்பா விட்டபடியே இருந்தது. அலமாரியைத் திறந்ததும் எண்ணெய் வாசனை வந்து முகத்தில் அப்பியது. சின்ன ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் தூசி மிதந்துகொண்டிருந்தது. அங்கே மணி என்ன ஆகிறது என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துத் துடைத்தாள். தாத்தா ஒரு அக்கார்டியனைக் கொடுத்து வாங்கிய இரட்டைக்குழல். அதைத் தொட்டாலே எங்கோ வால்ட்ஸ் நடன இசை கேட்கும் என்று சின்ன வயதில் நிஜமாகவே நம்பியிருந்தாள். இப்போதும் காதை வைத்துப் பார்த்தாள். சும்மா சொல்லக்கூடாது, ஏதோ கேட்கத்தான் செய்தது. அடுத்தது, ஏரிப் பனி உடைந்து தண்ணீருக்குள் போய், வசந்தத்தில் காந்தம் கட்டிய கயிற்றில் மேலே வந்த துப்பாக்கி. அப்பா குழலைச் சாய்த்தபோது உள்ளிருந்து ஒரு மீன்குஞ்சு விழுந்தது. அதை உள்ளங்கையில் ஏந்திப் போய் அவர் ஏரியில் விட்டதும், அவள் பின்னாலேயே ஓடியதும் ஞாபகம் வந்தன. அப்படி நடந்ததா, கனாக் கண்டதா என்று அவளால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

கடைசியாக அந்தச் சின்னத் துப்பாக்கி. அவள் பதினொரு வயதுத் தோளுக்குப் பொருந்தும்படி அப்பா பின்கட்டையை அறுத்துக் குட்டையாக்கிக் கொடுத்தது. நாலு அக்டோபர் அதைத் தூக்கிக்கொண்டு அவரோடு நடந்தாள். ஐந்தாவதில் அவள் சுட்ட சேவல் ஒன்றை அப்பா அவள் முதுகுப்பைக்குள் போட்டார். அது சாகவில்லை. அரை மைல் தூரம் அவள் முதுகோடு ஒட்டி வெதுவெதுவென்று அசைந்துகொண்டே வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று மாடியிலிருந்தே சொன்னாள். படிக்கட்டின் அடியில் அப்பா இரண்டு துப்பாக்கிகளோடு நின்றிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றை அலமாரியில் திரும்ப வைக்கிற சத்தம் கேட்டது. அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், எல்லாம் அன்றைக்கே தீர்ந்திருக்கும். பாழாய்ப்போன மௌனம் அந்தக் குடும்பத்துக்கே பிடித்த சீக்கு.

தோட்டா அடைக்கும் முறை கைக்கு மறக்கவில்லை. வெடிமருந்து, அடைப்பு, அப்புறம் ஈய ரவை. ரவைக்குப் பதில் அப்பா. ஒரு சின்னக் கரண்டியால் எடுத்துப் போட்டபோது சாம்பல் எதிர்பார்த்ததைவிடக் கனத்தது. மேசை இயந்திரத்தின் கைப்பிடியை இழுத்துத் தோட்டாவின் வாயை மடித்து மூடினாள். ஒவ்வொரு இழுப்புக்கும், 'மெதுவா, மெதுவா' என்று பக்கத்தில் யாரோ சொல்வது போலிருந்தது. மூன்று தோட்டாக்களையும் வரிசையாக நிறுத்தி வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கும் மூடுபனி விலகவில்லை. அறுவடை முடியாத மக்காச்சோளம் ஒரு பக்கம், ஆள் உயரக் கோரை மண்டிய பள்ளம் ஒரு பக்கம், நடுவில் டுவேனின் வண்டி. எங்கே நிலம் முடிகிறது, எங்கே வானம் ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. கண்ணில் படாமல் மேலே வாத்துக் கூட்டங்கள் கத்திக்கொண்டு போயின. அப்பாவின் கூட்டாளி லவெர்ன், எண்பது வயசுக் கிழவர், ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். வண்டியின் பின்பலகையில் அப்பாவின் கறுப்பு லாப்ரடார் நாய் மிட்ஸி உட்கார்ந்து உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. துப்பாக்கியைப் பார்த்தாலே அதற்கு அப்படித்தான். குளிரால் அல்ல, ஆசையால்.

"ஓரின் குறி வெச்சா பாதிக்குப் பாதி தப்பும்," என்றார் லவெர்ன். "இன்னிக்கு அவனே போறான். இப்பவாச்சும் எதுமேலயாவது படறானா பாப்போம்."

டுவேன் சிரிக்கப் பார்த்து, முடியாமல் மூக்கை உறிஞ்சினான். பாதிரியார் வேண்டாம் என்று அப்பா முன்பே சொல்லியிருந்ததால், பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே என்று மூவரும் முணுமுணுத்தார்கள். லவெர்ன் முதலில் சுட்டார். அப்புறம் டுவேன். ஆர்லிஸுக்குச் சின்னத் துப்பாக்கி கைக்குள் மடங்கியது. முழங்கை போக இடமில்லை, பிள்ளை விளையாட்டுச் சாமானைப் பிடித்தது மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தாள். கோரைக்கு மேலே மூடுபனியில் ஒரு சாம்பல் புகை நின்று, இந்தப் பக்கம் போவதா அந்தப் பக்கம் போவதா என்று யோசித்து, மெல்லக் கரைந்தது. அவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. ஒரு பதிலும் வரவில்லை.

அப்போதுதான் மிட்ஸி குதித்தது. மூன்று வெடி கேட்டிருக்கிறது, ஏதோ விழுந்திருக்கத்தானே வேண்டும்? அதைத் தேடி எடுத்து வருவதுதானே அதன் வேலை? இப்படி ஒன்று நடக்கும் என்று மூன்று பெரிய மனிதர்களில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா! கோரைக்குள் பாய்ந்து போய்விட்டது. டுவேன் விசில் அடித்தான். லவெர்ன் கத்திக் கூப்பிட்டார். உள்ளே சரசரவென்று அங்கேயும் இங்கேயும் கோரை ஆடியதே தவிர நாய் திரும்பவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று.

"கெடைக்காம வராது," என்றான் டுவேன். "அப்பா அப்பிடிப் பழக்கிட்டாரு."

அதைக் கேட்டதும் ஆர்லிஸுக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை பேரும் பொட்டுக் கண்ணீர் விடாமல் சுட்டு முடித்துவிட்டு நிற்க, ஒரு நாய் மட்டும் அவரைத் தேடிக்கொண்டிருக்கிறதே.

துப்பாக்கிகளை வண்டியில் வைத்துவிட்டு மூவரும் உள்ளே போகத் தீர்மானித்தார்கள். அந்தக் கோரைக்குள் ஆளுக்கொரு திசையில் போனால் திரும்பி வருவது கஷ்டம். சேவலைக் கிளப்பும்போது நடப்பது மாதிரி வரிசையாகத்தான் போக வேண்டும். லவெர்ன் வலது கோடிக்குப் போனார். டுவேன் அவருக்கு இந்தப் பக்கம். ஆர்லிஸ் தானாகவே இடது கோடிக்கு நடந்தாள்.

"அங்க இல்ல," என்றான் டுவேன். "அது அப்பா நடக்கிற எடம். நீ இப்பிடி வா. எனக்கும் அதுக்கும் நடுவுல."

வந்து நின்றாள். இரண்டு பக்கமும் தாராளமாக இருபதடி இருந்தது. "இங்க யாரு நடப்பாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் நடக்கமாட்டாங்க."

"அந்த ஓட்டை வழியாத்தான் பாதிச் சேவல் தப்பிச்சுப் போச்சு," என்று லவெர்ன் கோரைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "எத்தன வருஷம் சண்ட போட்டேன் அந்த மனுஷங்கிட்ட. கேட்டாத்தானே."

ஆர்லிஸ் டுவேனைப் பார்த்தாள். அவன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் ரெண்டடி இந்தப் பக்கம் வந்தாப் போதும், தள்ளிப் போன்னு கத்துவாரு. ஒருதரம் ஏன்னு கேட்டேன். அது ஆர்லிஸ் எடம்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. முப்பத்தெட்டு வருஷம், ஒவ்வொரு சீசனும்."

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே, டுவேன்."

"நான் எதுக்குச் சொல்லணும்? கூடவே நடக்கிறவன் நான். வராதவளுக்கு எடம் விட்டுக்கிட்டு நடக்கறாரு. எனக்கு வயிறு எரியாதா?" அவன் கோரையை ஒரு உதை உதைத்தான். "துப்பாக்கியும் உனக்குன்னு எழுதினப்ப எனக்கு ஆச்சரியமே இல்ல."

ஆர்லிஸ் அழுதாள். மாடியிலிருந்து பரீட்சை என்று பொய் சொன்ன பதினைந்து வயதுப் பெண் அழ வேண்டிய அழுகை அது. டுவேனும் மறைக்காமல் அழுதான். லவெர்ன் கோரைக்குள் நின்று வேண்டாத இருமல் ஒன்றை இருமினார். இடப்பக்கத்து மூடுபனிக்குள் யாரோ இவர்கள் முடிக்கட்டும் என்று பொறுமையாகக் காத்து நிற்பது போலிருந்தது அவளுக்கு. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க அவளுக்குப் பயமாக இல்லை.

கோரையை விலக்கிக்கொண்டு மிட்ஸி வெளியே வந்தது. வாயில் ஒன்றுமில்லை. நனைந்த உடம்பை ஆர்லிஸின் காலில் தேய்த்துவிட்டு, அவளுக்கு முன்னால் போய், இன்னும் தேட வேண்டியது பாக்கி இருக்கிறது என்கிற மாதிரி திரும்பிப் பார்த்தது.

"துப்பாக்கி ஒம்போதையும் நீயே எடுத்துக்க, டுவேன்," என்றாள் ஆர்லிஸ். "வியாபாரிய வரவேணாம்னு சொல்லிடறேன். எனக்கு இந்த எடம் போதும். வருஷா வருஷம் வந்து நடக்கறேன்."

டுவேன் அப்பனுக்குப் பிள்ளை அல்லவா. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு, யாரும் கத்தாமலேயே, வலப்பக்கம் இரண்டடி தள்ளிப்போய் நின்றான்.