அறுநூறு ஊசி

ஐந்து மணிக்கு எழுந்தேன். காப்பி போட்டேன். கறுப்பு ரொட்டியில் ஈரல் பசை தடவி நின்றபடியே தின்றேன். முற்றத்தைக் கடந்து கொட்டிலின் முன்னறைக்குப் போனேன். சட்டை, கால்சட்டை, உள்ளாடை, கைக்கடிகாரம், மோதிரம் எல்லாவற்றையும் பெஞ்சுக்கு இந்தப் பக்கம் கழற்றி வைத்தேன். குளித்தேன். தலைக்கு இரண்டு தடவை சோப்பு போட்டேன். பெஞ்சைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி, அங்கேயே கிடக்கும் துண்டால் துடைத்து, அங்கேயே தொங்கும் மேலங்கியையும் ரப்பர் பூட்ஸையும் மாட்டிக்கொண்டேன். வெளியில் இருக்கும் எதுவும் உள்ளே போகாது. பத்தொன்பது வருடமாக இந்தக் கொட்டிலில் இதுதான் விதி.

கதவைத் திறந்தேன். முன்பெல்லாம் தீனிக்கான கூச்சல்தான் முதலில் கேட்கும். அன்று இருமல் கேட்டது.

தாய்ப்பன்றிகள் அறுநூறு. இரவில் ஏழுக்குக் கரு கலைந்திருந்தது. பால் மறந்த குட்டிகள் வயிறு எக்கி மூச்சு வாங்கின. சிலவற்றின் காது நுனி நீலம் பூத்திருந்தது. செத்தவற்றைத் தொட்டியில் போட்டு வெளியே தள்ளினேன். மீதிக்குத் தீனி வைத்தேன்.

அந்த நோய்க்கு நாலெழுத்தில் ஒரு பெயர் உண்டு. டென்மார்க்கில், இந்த மேற்கு யூட்லாந்துப் பக்கம், அதை யாரும் முழுசாகச் சொல்வதில்லை. பக்கத்துப் பண்ணையைக் காட்டி 'ஹோல்கர் வீட்டுக்கு வந்துடுச்சாம்' என்றால் எல்லோருக்கும் புரியும். இப்போது எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

பத்து மணிக்கு மருத்துவர் பென்டே வந்தாள். பன்றிகளைப் பார்க்க அல்ல, பேச. மாமனார் தோர்கில் அதற்கு முன்பே வந்து என் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். கொட்டில் பாதி அவர் பெயரில். எந்தத் திட்டத்துக்கும் இரண்டு கையெழுத்து வேண்டும். முன்பு அந்த இரண்டாவது கையெழுத்தை அவருடைய மகள் போட்டாள். சிசெல், என் மனைவி. ஜனவரியில் மூளையில் ரத்தக் குழாய் வெடித்துச் செத்துப்போனாள். முப்பத்தோரு வயது.

"ரத்தப் பரிசோதனை வந்துடுச்சு. பத்துக்கு ஒம்போது பாசிட்டிவ்" என்றாள் பென்டே.

"ஹோல்கர் அவன் குட்டிங்களுக்குப் போட்டானே, அந்த ஊசியிலேருந்து வந்ததா?" என்றார் தோர்கில்.

"நேரா அதேதான்னு சொல்ல முடியாது. அந்த மருந்துல இருக்கறது உயிருள்ள வைரஸ். வலுவை எடுத்துட்டுத்தான் குப்பியில அடைக்கறாங்க. ஆனா எப்பவாவது அது பன்னிக்குப் பன்னி தாவி, வருஷக்கணக்கா ஊர் சுத்தி, தொலைச்ச குணத்தைத் திரும்ப வாங்கிக்கும். உங்க கொட்டில்ல இருக்கறது அதோட பேரன்னு வச்சுக்குங்க."

"பேரன் வந்து வீட்டைக் கொளுத்திட்டான். நீ இப்போ தாத்தாவையும் கூப்பிட்டு விருந்து வைக்கச் சொல்ற."

"தாத்தா சாது, தோர்கில். பேரன்தான் போக்கிரி."

"ஊசிக்காரி வேற என்ன சொல்லுவா."

பென்டே சிரிக்கவில்லை. காப்பியை ஊதிக் குடித்தாள். அவளும் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. அந்த மாதத்தில் இது அவளுக்கு நான்காவது கொட்டில்.

இரண்டு வழி இருக்கிறது என்றாள். ஒன்று, எல்லாவற்றையும் அனுப்பிவிட்டுக் கொட்டிலைக் கழுவிக் காயப்போட்டு, சுத்தமான மந்தை ஒன்றைப் புதிதாக வாங்குவது. இன்னொன்று, அறுநூறுக்கும் ஒரே நாளில் உயிருள்ள தடுப்பூசி. நான்கு வாரம் கழித்து மறுபடி. ஏழு மாதம் வெளியிலிருந்து ஒரு பன்றியும் உள்ளே வரக்கூடாது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு எதிர்ப்பு வந்துவிட்டால் வைரஸுக்குப் போக இடமிருக்காது. கிறிஸ்துமஸுக்குள் பிறக்கும் குட்டிகள் சுத்தமாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொன்னாள்.

"ஆனா அந்த மருந்து ஒரு தடவை உள்ள போயிட்டா வாசல் பலகையைக் கழட்டணும்" என்றார் தோர்கில். நோயற்ற மந்தை என்று எழுதிய நீலப் பலகை. வசந்தம் வந்ததும் அவரே வண்ணம் அடிப்பார். "காலி பண்ணு, எஸ்பென். கழுவு. முதல்லேருந்து ஆரம்பி."

"அறுநூறும் சிசெல் பார்த்துப் பார்த்து எடுத்ததுங்க" என்றேன்.

"பன்னிடா அது. கல்லறை இல்ல."

எல்லாவற்றையும் அனுப்பிவிட்டால் காலை ஐந்து மணிக்கு எழுந்து எங்கே போவேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதை ஒரு காரணமாக அவர்களிடம் சொல்ல முடியாது.

"அவ கடைசியா என்ன சொன்னா? நீதானே எந்திரிச்சுச் சொன்ன?" என்றார். "'கொட்டிலைச் சுத்தமா வச்சுக்கோ.' என் பொண்ணு கடைசி வார்த்தை அது. அதை மீறி நான் எங்க கையெழுத்துப் போடறது?"

சொன்னேன்தான். அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்லோரும் காப்பிக்கு உட்கார்ந்தோம். இங்கே அப்போது யார் வேண்டுமானாலும் எழுந்து இறந்தவரைப் பற்றிப் பேசலாம். பாதிரியார் பேசினார், பள்ளித்தோழி பேசினாள், ஹோல்கர்கூட இரண்டு வரி பேசினான். பிறகு எண்பது முகமும் என் பக்கம் திரும்பின. எழுந்தேன். வாயில் ஒன்றும் வரவில்லை. அவள் கடைசியாக இப்படிச் சொன்னாள் என்று அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பலர் அழுதார்கள். இரண்டு மாதமாகத் தோர்கில் அதைப் பால் வண்டிக்காரனிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவ அப்படிச் சொல்லல" என்றேன்.

"என்ன?"

"எல்லாரும் பார்த்துட்டு இருந்தாங்க. ஏதாவது சொல்லணும்னு சொன்னேன். அவ சொல்லல."

பென்டே சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோர்கில் என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் பரவாயில்லை. அவர் கையைத் தூக்கினார், ஆனால் தன் நரைத்த தலையைத்தான் தடவிக்கொண்டார்.

"அடக்கத்தன்னிக்குக் காலைல தீனி வச்சது நான்" என்றார்.

"தெரியும்."

"கறுப்புக் கோட்டு போட்டாச்சு. தேவாலயத்துக்கு நேரமாச்சு. கோட்டை மட்டும் கழட்டி வச்சுட்டு, மேலங்கியை மாட்டிட்டு பெஞ்சைத் தாண்டிட்டேன். குளிக்கல. முந்தின நாள் ஹோல்கர் வீட்டுல வண்டியில குட்டி ஏத்தக் கை கொடுத்துட்டு வந்தவன் நான்."

"தலை காஞ்சிருந்துச்சு. பார்த்தேன்."

"பார்த்தியா? பார்த்துட்டு இத்தனை நாளா வாயைத் திறக்கலயா?"

"என்னன்னு திறக்கறது?"

"காத்துலயும் வந்திருக்கலாம்" என்றாள் பென்டே. "குளிர்காலத்துல மூணு நாலு கிலோமீட்டர் வரும். யாரால வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. சொல்லவும் மாட்டேன்."

தோர்கில் தடுப்பூசித் திட்டத்தாளைத் தன் பக்கம் இழுத்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை. எங்கே போடவேண்டும் என்று பென்டே விரல் வைத்துக் காட்டினாள். அந்த விரலுக்குப் பக்கத்தில் தன் பெயரை முழுசாக எழுதினார். எழுந்து போய்விட்டார். திரும்பும் வழியில் வாசல் பலகையை அவரே கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை ஊசி போட்டோம். பென்டே மருந்தைக் கலக்கித் தந்தாள். கலக்கிவிட்டால் சில மணி நேரம்தான். வேகமாகப் போகவேண்டும். ஒவ்வொரு பன்றிக்கும் புது ஊசி. நான் காதுக்குப் பின்னால் குத்தினேன். தோர்கில் கூடவே வந்து முதுகில் நீலக் கோடு போட்டார். குத்தியதற்கும் குத்தாததற்கும் அந்தக் கோடுதான் அடையாளம். அவர் இருமினார், பன்றிகள் இருமின, நான் குத்தினேன். ஒரு வயதான தாய்ப்பன்றி அவர் முழங்காலை இடித்துத் தள்ளியது. "மாமியாரே, மெதுவா" என்றார்.

முந்நூறு தாண்டியதும் கை விறைத்துவிட்டது. தீனி மூட்டைமேல் உட்கார்ந்தோம். அவர் நீலக் குச்சியை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்போ என்னதான்டா சொன்னா?"

"பெருசா ஒண்ணும் இல்ல, தோர்கில்."

"பரவால்ல. எது சொன்னாளோ அதைச் சொல்லு."

சிசெல் செத்த அன்று காலை நாங்கள் இரண்டு பேரும்தான் முன்னறைக்குப் போனோம். நான் குளித்துவிட்டு அந்தப் பக்கம் இறங்கிவிட்டேன். அவள் தலை வலிக்கிறது என்று இந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தாள், ஒரு காலில் மட்டும் காலுறையோடு. சீக்கிரம் வா என்றேன். இரண்டு மணி நேரம் கழித்து நான் வெளியே வந்தபோது தரையில் கிடந்தாள். நடுவில் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அதை அவரிடம் சொன்னேன்.

"இன்னிக்கு ஒரு பன்னி மூஞ்சியும் பார்க்கப் புடிக்கல எனக்கு. நீயே போ."