ஏலத்துக்கு வந்த கோழி

சேந்தமங்கலத்துக் கோழிப்பண்ணைக்காரர் மணியனுக்கு, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து எதையும் சரிக்கட்டிவிடலாம் என்று ஒரு நினைப்பு. ஆண்டவர் விஷயத்திலும் அப்படித்தான். வேதக்கோயிலில் விளைச்சலைக் காணிக்கை வைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு, இந்த வருஷம் பண்ணையிலேயே நல்ல கோழியாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தார். போன வருஷம் செய்த காரியம் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

அப்போது அவர் காணிக்கையாகக் கொண்டுபோனது கழித்துப் போட்ட சீக்குக் கோழி. மூக்கில் ஒழுகியதைத் துடைத்துவிட்டே கொண்டுபோனார். கோயிலுக்குத்தானே, யார் பார்க்கப்போகிறார்கள்! ஆராதனை முடிந்ததும் காணிக்கைகளை ஏலம் விடுவது வழக்கம். அதே சபையைச் சேர்ந்த ராசாத்தி அந்தக் கோழியை ஆசையாக ஏலம் எடுத்துப்போனாள். கொஞ்ச நாளில் அவள் வளர்த்த கோழிகள் அத்தனையும் சீக்கில் செத்தன. சபையார் வாய் சும்மா இருக்குமா? காணிக்கைக் கோழியே தங்காத வீடு, அவளிடம் ஏதோ மறைவான பாவம் என்றார்கள். மணியன் வாயைத் திறக்கவில்லை. அவள் கோயிலுக்கு வருவதையே விட்டுவிட்டாள்.

பண்டிகைக்கு முந்தின ஞாயிறு போதகர் மோசேயின் சட்டத்தை விளக்கினார். பிறனை ஏமாற்றியவன் பலிக்கு ஆட்டைப் பிடித்து வந்தால் மட்டும் போதாதாம். இழந்தவனுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பிக் கொடுக்கவேண்டுமாம். மணியனுக்குச் சுருக்கென்றது. ஒரு கூடைக் கோழிகளோடு நேரே ராசாத்தி வீட்டுக்குப் போனார்.

"ஏனுங்கண்ணா, இதெல்லாம் எதுக்கு?"

உள்ளதைச் சொன்னார். அவள் முகம் சிவந்துவிட்டது.

"கோழிய வெச்சுட்டுப் போங்க. ஆனா போனது கோழி மட்டும் இல்லீங்களே. எம்பேரும் போச்சு. அதச் சபையிலதான் திருப்பிக் குடுக்கோணும்."

மணியனோ சபையில் முதல் வரிசையில் உட்காரும் மனுஷன். வாசல்வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"சரிம்மா. சொல்றேன். நீ வந்துரு."

பண்டிகையன்று கோழியும் கையுமாகச் சபை முன்னால் நின்றார். "சீக்குக் கோழின்னு தெரிஞ்சேதானுங்க போன வருஷம் கொண்டாந்தேன். ராசாத்தி மேல ஒரு குத்தமும் இல்லீங்க. பாவம் பண்ணுனவன் நான்." ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அவரால் மனசாரப் பாட முடிந்தது.

ஏலம் தொடங்கியது. பூசணி போனது, மரவள்ளிக்கிழங்கு போனது. மணியனின் கோழியைத் தூக்கிக் காட்டியபோது ஒருவரும் கேட்கவில்லை. சபை மொத்தமும் அதன் மூக்கையே பார்த்தது. நியாயம்தான் என்று மணியன் தலைகுனிந்தார்.

பெண்கள் பக்கமிருந்து ராசாத்தி எழுந்தாள்.

"அத எனக்கு உடுங்க. நான் எடுத்துக்கறேன்."