தொடர்ந்து ஐந்து ‘அ’

பன்னிரண்டு வருடமாக ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளராக இருந்தவளுக்கு, நர்ஸ் படிப்பில் சேர்ந்துவிட வேண்டும் என்று ஆசை. நுழைவுத் தேர்வில் உயிரியலும் கணக்கும் கைகொடுத்தன. இலக்கணப் பகுதிதான் போன வருடம் காலை வாரியது. இரண்டே மதிப்பெண்ணில் இடம் போயிற்று. முப்பத்தைந்து வயதுக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

சொல்லிக் கொடுக்க வந்தவள் நாத்தனார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். பேசும்போதே அடுத்தவர் வாக்கியத்தையும் திருத்திவிடுவதால் அங்கே அவளுக்குச் ‘சிவப்பு மை’ என்று பட்டப்பெயர். முதல் பயிற்சித் தாளிலேயே அவளுக்கு நோய் எங்கே என்று பிடிபட்டுவிட்டது. சரியாகப் போட்டிருந்த ஆறு விடைகளை அண்ணி பயந்துபோய் அழித்துத் தப்பாக்கியிருந்தாள்.

“காதுக்கு நல்லாருக்கான்னு பாக்காதீங்க அண்ணி. யாரு, என்ன பண்றாங்க, அத மட்டும் பாருங்க. நடுவுல வர்றத எல்லாம் அடிச்சிடுங்க.”

அண்ணியும் அடித்துப் பழகினாள். ‘நோயாளிகளின் பட்டியல், மூன்று கோப்புகளோடு, மேசைமேல் இருந்தன’ என்ற வாக்கியத்தில் முன்னும் நடுவும் கோடு விழுந்ததும், ‘பட்டியல் இருந்தன’ என்று தப்பு பல்லை இளித்தது. ஒவ்வொரு கேள்வியிலும் ‘மாற்றம் தேவையில்லை’ என்று முதலில் வரும் ‘அ’வும் விடைதான், அதைக் கண்டு மிரளக் கூடாது என்றாள் நாத்தனார். காரணம் சொல்ல முடியாமல் எந்த விடையையும் மாற்றக் கூடாது என்பதை மட்டும் நூறு தடவை சொல்லியிருப்பாள்.

தேர்வு நாளும் வந்தது. இலக்கணப் பகுதியில் நாற்பது கேள்வி, முப்பத்தைந்து நிமிடம். பதினேழு வரை ஓட்டமாக ஓடியது. அடுத்த நான்குக்கும் ‘அ’தான் வந்தது. நான்கு வட்டங்களும் ஒன்றின்கீழ் ஒன்றாகக் கறுத்து நின்றதைப் பார்த்ததும் பென்சில் நின்றுவிட்டது. இப்படியும் வைப்பார்களா? ரப்பரை எடுத்தாள். இருபதாவதை மாற்றிவிடலாமா? ஏன் மாற்றுகிறாய் என்று தன்னையே கேட்டாள், சொல்வதற்கு ஒன்றுமில்லை. வாக்கியத்தை மறுபடி அடித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அதற்குள் மூன்று நிமிடம் பறந்துவிட்டது. இருபத்திரண்டுக்கும் ‘அ’வே வந்தபோது அழுகை முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் கறுப்பாக்கினாள். கடைசி இரண்டு கேள்விகளைப் படிக்க நேரமில்லை; கைக்கு வந்ததைப் போட்டாள்.

வாசலில் நாத்தனார் காத்திருந்தாள்.

“அஞ்சு தடவ ஒரே விடை. அவ்வளவுதான், போச்சு.”

“காரணம் தெரிஞ்சு போட்டீங்களா?”

“தெரிஞ்சுதான்.”

“அப்ப விடுங்க.”

விடச் சொன்னவள்தான் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை என்பது பிறகு கணவன் சொல்லித் தெரிந்தது. தன் பேச்சைக் கேட்டு அண்ணியின் கடைசி வாய்ப்பும் பாழாகிவிட்டால் என்ன செய்வது என்று அண்ணனிடம் புலம்பினாளாம்.

இருபது நாள் கழித்து ஒரு மதியம், ஒன்பதாம் கட்டிலின் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது கணவனின் போன் வந்தது. தேர்வானவர்கள் பட்டியல் வந்துவிட்டது, தேவையானதற்கு மேல் ஒரே ஒரு மதிப்பெண், இடம் கிடைத்துவிட்டது என்றான். அவள் வெறும் மெத்தையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உடம்புக்கு என்ன என்று தலைமை நர்ஸ் ஓடி வந்து கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரர் தன் தண்ணீர் டம்ளரை எட்டி நீட்டினார்.