எப்போதாவது கூலிக்கு வருபவள்

1

உண்மையைச் சொல்லிடுறேன். என் ஜெராக்ஸ் மெஷின் சூடாகி நின்னுபோச்சு, அதனால வந்த கதை இது. என் பேரு சில்வியா, மரக்காணத்துல கடை. டைப்பிங், ஜெராக்ஸ், மனு எழுதித் தர்றது. ஆள் வராத நேரத்துல கதை எழுதுவேன். இதுவரைக்கும் ஒண்ணுகூட அச்சுல வரலை.

முதல் வரி இப்படி ஆரம்பிச்சேன்: "உப்பளத்தின் மேல் வெயில் வெள்ளியாய்ப் பரந்து..." சீ, வேண்டாம்.

2

கௌதமன் சோலார் கம்பெனி ஆளு. நிலம் பேசி முடிக்கிற வேலை. மெஷின் ஆறட்டும்னு உக்காந்தவன்கிட்ட சும்மா கேட்டேன்.

"இவ்ளோ பெரிய பிளான்ட் போடுறீங்களே, முதலாளி பெரிய பணக்காரரா?"

சிரிச்சான். "அவர் போடுறது கால்வாசிதாங்க்கா. மிச்சம் முக்காலும் பேங்க் கடன். இருநூறு கோடிகிட்ட வருது."

"எதை அடமானம் வெச்சு?"

"பேப்பரைத்தான். இருபத்தஞ்சு வருஷம் கரண்ட்டை இன்ன விலைக்கு வாங்கிக்கிறோம்னு மின்வாரியம் போட்ட ஒரு அக்ரிமென்ட். அப்புறம் நில லீஸ். ரெண்டையும் பேங்க் பேர்ல எழுதிக் குடுத்துடுவோம். இதுக்குன்னே புதுசா ஒரு கம்பெனி ஆரம்பிச்சிருக்கோம். அதுக்கு ஒரு சேர்கூட கிடையாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. இன்னும் ஒரு குழிகூடத் தோண்டலை, அதுக்குள்ள இருபத்தஞ்சு வருஷ வெயிலை வித்தாச்சா!

(அடிக்குறிப்பு மாதிரி: அந்த வெயிலையும் பேங்க் அப்படியே நம்பாதாம். மேகம் மூடுற மோசமான வருஷத்துல எவ்ளோ கரண்ட் வரும்னு பாத்து, அதுக்குத் தகுந்த மாதிரிதான் கடன் தருமாம். உப்பு வார்றவங்களும் வானத்தைப் பாத்து அப்படித்தான் பயப்படுறாங்க. அவங்களுக்கு யாரும் கடன் குடுத்து நான் பாத்ததில்லை.)

3

அப்புறம்தான் அதைச் சொன்னான்.

"நிலத்துல யாருக்கும் பாத்தியதை இல்லைன்னு பேப்பர் இல்லாம பேங்க் ஒரு ரூபாகூட விடாதுக்கா. தையல்நாயகி லெட்டர் ஒண்ணு நீங்க டைப் பண்ணீங்களே, பேங்க் வக்கீல் அதுல ஒரு எழுத்துகூட மாத்தலை. திங்கக்கிழமை பணம் ரிலீஸ்."

ஐயோ!

தையல்நாயகி இந்த பிளான்ட் வரப்போற உப்பளத்துல இருபத்திரண்டு வருஷமா உப்பு வார்றவ. அவளைக் கதையில எப்படிக் கொண்டு வர்றதுன்னு மூணு நாளா முட்டிக்கிட்டிருக்கேன். அழுமூஞ்சியாவா, கோபக்காரியாவா? ஆனா அவளை நான் ஏற்கெனவே எழுதிட்டேன். நாலு மாசம் முன்னாடி, அறுபது ரூபாய்க்கு:

"நான் மேற்படி நிலத்தில் எப்போதாவது கூலிக்கு வந்து போவேன். எனக்கு அதில் எவ்விதப் பாத்தியதையும் கிடையாது."

கௌதமன் கேட்டது ரெண்டாவது வரி மட்டும்தான். முதல் வரி என் சரக்கு. லெட்டர் மொட்டையா இருக்கேன்னு அழகுக்குச் சேர்த்தேன். கடையில கூட்டம், அவளுக்குப் படிச்சுக்கூடக் காட்டலை. கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டா.

வேலை போனதுக்கு நஷ்டஈடு கேக்க அவளுக்கு இருந்த ஒரே பிடி அந்த இருபத்திரண்டு வருஷம். அதை நான் ஒரு வார்த்தையில துடைச்சுட்டேன். என் கதையை எந்தப் பத்திரிகையும் நம்பலை. பேங்க் நம்பிடுச்சு, இருநூறு கோடிக்கு.

4

முடிவு அ: சில்வியா பேங்குக்கு உண்மையை எழுதுகிறாள். பணம் நிற்கிறது. உடனே... (நான் அவ்ளோ தைரியசாலியா? நீங்களே நம்ப மாட்டீங்க.)

முடிவு ஆ: சில்வியா கம்ப்யூட்டரில் அந்த லெட்டரை அழித்து... (கையெழுத்துப் போட்ட பேப்பர் சென்னையில இருக்குது. இங்க என்னத்த அழிக்கிறது?)

இ எழுதுறதுக்குள்ள, இந்த வெள்ளிக்கிழமை காலையில, தையல்நாயகியே வந்துட்டா. இதோ, ஸ்டூல்ல உக்காந்திருக்கா.

"சில்வியாக்கா, உப்புக்காத்துல பேனல் பூத்துப்போயிடுமாம். கழுவ ஆள் எடுக்கப் போறாங்களாம். ஒரு மனு எழுதுங்க. அதே நெலத்துல இருபத்திரண்டு வருஷம் வேலை பாத்தவ, மூலை முடுக்கெல்லாம் தெரியும்னு போடுங்க."

விரல் அப்படியே நின்னுபோச்சு. அப்படி எழுதினா பழைய லெட்டர் பொய்யின்னு ஆயிடும். நஷ்டஈடு கேக்க வழி பொறக்கும், ஆனா கம்பெனி இவளை உள்ளயே விடாது. எழுதாம விட்டா வேலை கிடைக்கலாம், இருபத்திரண்டு வருஷம் போனது போனதுதான். இதை அவகிட்ட சொல்லணும். வாயைத் திறந்தேன்.

"என்னாக்கா யோசிக்கிறீங்க? போன வாட்டி நல்லா எழுதிக் குடுத்தீங்களே. அதே மாதிரி எழுதிக் குடுங்க."

மூடிட்டேன். ஸ்க்ரீன்ல இப்ப இவ்ளோதான் இருக்குது:

"நான் மேற்படி நிலத்தில் ........................ வேலை செய்தவள்."

அந்த இடத்தை நீங்க நிரப்புங்க. என்னமோ எழுதுங்க, நான் கேக்க மாட்டேன். ஆனா கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடி அவளுக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டிடுங்க.