குடத்தடி மணல்

கரண்ட் போனதும் அம்மாவின் முகமும் போயிற்று.

பந்தலில் பெண்களின் அழுகை பாதியில் நின்றது. அம்மா வள்ளித்தாயின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு வைத்திருந்த லேப்டாப்பின் திரை கறுத்துப்போய், அதில் பந்தல் ஓலையும் குனிந்து பார்த்தவர்களின் தலைகளும் தெரிந்தன.

"ஏலே கதிரவா, ஆத்தா மொகம் எங்கலே?" என்றார் ராக்கப்பன் பெரியப்பா.

"கரண்ட் போயிருச்சு பெரியப்பா. பேட்டரி இருந்தும் எடுக்க மாட்டேங்குது. கரண்ட் இருந்தப்பவே பேட்டரி இல்லன்னுதான் காட்டுச்சு."

"உள்ளதானலே மாட்டியிருக்கு? வயித்துல சோத்தை வச்சுக்கிட்டுப் பசிக்குதுன்னு சொல்லுமாக்கும்?"

யாரோ சிரித்துவிட்டு, உடனே துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

பொன்மணி அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையில் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே அம்மாவைத் தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணியில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். முகத்தைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாலையோடு வந்தவர்கள் குனிந்து முகத்தைத் தேடினார்கள். துணிதான் இருந்தது. எதைப் பார்த்து அழுவது என்று தெரியாமல் எழுந்து போனார்கள். வாக்காளர் அட்டையில் இருந்த படம் வெறும் கறுப்புத் தீற்றல். அதைப் பார்த்த அப்பா, "இது யாரு?" என்றார்.

அதன் பிறகுதான் அண்ணன் கதிரவன் லேப்டாப்பைத் தூக்கி வந்தான். பொங்கல் லீவில், அதில் இருக்கும் கேமராவால் எடுத்த படம். ஈரத்தலையோடு அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். "இதுக்குக் கண்ணு எங்கனடா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே குனிந்தபோது எடுத்தது.

அச்சங்குளத்துச் சித்தி இன்னும் வந்து சேரவில்லை. அம்மாவுக்கு உடன்பிறந்தவள் அவள் ஒருத்திதான். பஸ் மாறி வந்துகொண்டிருந்தாள். பொழுது சாய்வதற்குள் தூக்க வேண்டும். கரண்ட் அதற்குப் பிறகுதான் வரும்.

"அவ வந்து மொகத்தைக் கேட்டா நான் என்னத்தைக் காட்டுவேன்?" என்றார் அப்பா சீனிச்சாமி. யாரிடமும் கேட்டமாதிரி இல்லை.

கதிரவன் மதுரையில் கூடப் படிக்கிறவனுக்கு போன் போட்டான். அவன் சொல்லச் சொல்ல வயரைப் பிடுங்கினான். லேப்டாப்பைக் குப்புறப் போட்டுப் பேட்டரியைக் கழற்றினான். பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்திருந்தான். மறுபடி மாட்டினான். ஒரு புள்ளி வெளிச்சம்கூட வரவில்லை.

"நல்லாத்தானடா இருந்துச்சு. இந்த லீவுக்கு வந்ததுல இருந்துதான் இப்படி," என்று போனில் சொன்னான். "நான் ஒண்ணுமே பண்ணலடா."

பொன்மணி எழுந்து வீட்டுக்குள் போனாள்.

உள்ளே தண்ணீர்க் குடங்கள் வரிசையாக இருந்தன. அவை சாயாமல் இருக்க அம்மா அடியில் மணல் பரப்பியிருந்தாள். குடங்கள் கசிந்து கசிந்து அந்த மணல் எப்போதும் குளிர்ந்திருக்கும். கடைசிக் குடத்துக்கும் சுவருக்கும் நடுவில் நீளமாக ஒரு பள்ளம். ஓரங்கள் கூர்மையாக, செங்கல்லை அழுத்தி எடுத்ததுபோல. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் யார் காலும் படாமல் அப்படியே இருந்தது.

அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டி மருந்து கலக்கிற வேலை. சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்தால் கழுத்து, காது, நகக்கண் எல்லாம் அலுமினியப் பொடி மின்னும். கதிரவன் லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே கிளம்பியதும், குளிக்கக்கூடப் போகாமல் அதைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பாள். சுடும். பேட்டரியைக் கழற்றி மணலில் வைப்பாள். அவன் வருகிற செருப்புச் சத்தம் கேட்டால் எடுத்து மாட்டிவிடுவாள்.

"என்னம்மா பண்ணுற?" என்று பொன்மணி ஒருநாள் கேட்டாள்.

"சூடேறுன சரக்கை ஒரே எடத்துல விடலாமா? பிரிச்சு ஆறப் போடணும். பிள்ள மடியிலல்ல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். அண்ணங்கிட்ட சொல்லிறாத, சிரிப்பான்."

கம்பெனியில் கலவை புகைந்த அன்று எல்லோரும் வெளியே ஓடிவிட்டார்களாம். வள்ளித்தாய் மட்டும் பிரித்துப் போடுகிறேன் என்று திரும்பிப் போனாளாம். துஷ்டிக்கு வந்திருந்த பெண்களில் ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள்.

பொன்மணி ஒரு தீக்குச்சியும் துணிக்கிழிசலும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அண்ணே, கழட்டு."

"ஒனக்கு என்ன தெரியும்?"

"கழட்டுண்ணே."

பேட்டரி உட்காரும் இடத்தில் சீப்புப் பல்போலச் சின்னத் தகடுகள். அவற்றுக்கு நடுவே வெள்ளிச் சாம்பல்போல ஏதோ அப்பி இறுகியிருந்தது. பேட்டரியைத் திருப்பினாள். அதன் வாயிலும் அதே. அடிப்பக்கத்தில் ஒரு பெருவிரல் ரேகை, சுழிசுழியாக மின்னியது.

கதிரவன் அதைப் பார்த்தான். அந்த மினுக்கம் யார் கையில் இருக்கும் என்று அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"இது எப்படி..." என்று தொடங்கினான். பொன்மணி நிமிரவில்லை.

தீக்குச்சியில் துணியைச் சுற்றி ஒவ்வொரு தகடாகத் துடைத்தாள். பொடி உதிர்ந்து பாவாடையில் விழுந்தது. வாய்ப்பக்கத்தையும் துடைத்தாள். கிழிசல் அடிப்பக்கத்துக்குப் போனபோது கதிரவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அது கெடக்கட்டும்."

மாட்டினார்கள். பச்சை வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மா ஈரத்தலையோடு குனிந்து, கண் எங்கே என்று தேடினாள். அப்பா துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார்.

சித்தி தெருமுனையிலிருந்தே ஓடிவந்தாள். "அக்கா, எம் மொகத்தைப் பாரேன்க்கா" என்று துணி சுற்றிய உடலை விட்டுவிட்டு லேப்டாப்பைக் கட்டிப்பிடித்தாள். உடனே அழுகையை நிறுத்தி, இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள்.

"ஏ பொன்மணி... இன்னும் சூடு இருக்கேடி."

பெரியப்பா சங்கு ஊதுகிறவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

தூக்கிக்கொண்டு போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். துஷ்டி வீட்டில் பழைய தண்ணீர் நிற்கக் கூடாது. சித்தி குடங்களைத் தூக்கித் தூக்கி வாசலில் கொட்டினாள். கடைசிக் குடத்தையும் கொட்டிவிட்டு வந்து சேலையைச் செருகினாள்.

"இந்த மணலையும் அள்ளிருவம்த்தா. ஒரு சட்டி எடுத்துட்டு வா."

"அது கெடக்கட்டும் சித்தி."

"எல்லாம் போகணும்த்தா. அதான் மொறை."

"கெடக்கட்டும்," என்றாள் பொன்மணி. இவ்வளவு சத்தமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. சித்தி விளக்குமாறோடு அடுத்த பக்கம் போய்விட்டாள்.

கதிரவன் மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகத் திரும்பியபோது கரண்ட் வந்திருந்தது. ஸ்டூலிலிருந்து லேப்டாப்பைத் தூக்கினான். கனம் குறைந்திருந்தது. அடியில் திருப்பிப் பார்த்துவிட்டுத் தங்கையைப் பார்த்தான். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே கவிழ்த்து வைத்த குடங்களுக்கு அப்பால், மணல் பள்ளத்தில் ஓரம் பிசகாமல் பேட்டரி கிடந்தது. ரேகை மேலே தெரிய வைத்திருந்தது.

சொம்பை எடுக்கப் போன கதிரவன், அதைச் சுற்றிக்கொண்டு போனான்.