அசையாமல் உட்கார்ந்த அக்கா

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா தன் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே காணாமல் போன ஒரு மத்தியானத்தில்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. அவள் எங்கும் போகவில்லை. கண்ணெதிரே இருந்தாள். திரையில்தான் இல்லை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிக்கும்போதே இதை விடக்கூடாது என்று நான் மனத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். கதை எழுதுகிறவளைச் சொந்தமாகக் கொண்டவர்களுக்கு இந்தத் தொல்லை உண்டு.

2

தொடக்கத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

இணையம் என்னும் பெருங்கடலில் ஓர் இளம் ஓவியை

(வேண்டாம். கடலும் வேண்டாம், ஓவியையும் வேண்டாம்.)

அவள் தூரிகையைக் கீழே வைத்த அன்று

(பொய். அவள் எதையும் கீழே வைக்கமாட்டாள், கட்டில்மேல்தான் வைப்பாள். போர்வையில் நீலக் கறை இன்னும் இருக்கிறது.)

சரி, நேராகவே வருகிறேன். அக்கா மகள் ஓவியக் கல்லூரியில் கடைசி வருஷம். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. அம்மாவை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தாள். வண்ணம் காய்ந்து வெடித்துவிட்டது. ஏன் வெடித்தது என்று இணையத்தில் தேடப்போய் ஒரு குழுவில் விழுந்தாள். அங்கே கேமரா, கணினி நிரல், பழுதான திரை, மின்விசிறிச் சத்தம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்துக் கலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம்: படைப்பை மட்டும் போட்டுவிட்டு நழுவக்கூடாது, செய்முறையையும் போட வேண்டும். மற்றவர்கள் அதைத் தங்கள் வீட்டில் ஓட்டிப் பார்த்து, என்ன வந்தது என்று காட்டுவார்கள்.

வாலு வெடித்த படத்தைப் போட்டாள். 'பழைய ரேடியோ' என்ற பெயரில் ஒருவர் கேட்டார்.

"நல்லா இருக்கு. உங்க அம்மா இதுல என்ன பண்றாங்க?"

"சும்மா உட்கார்ந்திருக்காங்க."

"வீட்ல சும்மா உட்காருவாங்களா?"

வாலு எழுந்து முன்னறைக்குப் போய்ப் பார்த்தாள். அக்கா உதட்டில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு, காலால் மெஷினை மிதித்து, கையால் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டதும் ஊசியைத் துப்பிவிட்டு, "இதோ வந்துட்டேன்" என்று எழுந்து ஓடினாள்.

3

'மூன்றாம் பூனை' என்று ஒருவர் ஒரு நிரலைக் கொடுத்தார். கேமரா பார்ப்பதில் அசைவது மட்டும் கறுப்புக் கோடாகும். அசையாதது மங்கி மங்கி வெள்ளையாகிவிடும். வாலு ஒரு பழைய போனை அலமாரியின்மேல் அளவுநாடாவால் கட்டி வைத்தாள். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான்.

"முகம் தெரியுமாடி?"

"சரியாத் தெரியாதும்மா."

"அப்புறம் எதுக்கு என்னைப் படம் பிடிக்கிற?"

"முகம் தெரியாட்டியும் நீன்னு தெரியும்மா."

அக்கா மெஷினை வேகமாக மிதித்தாள்.

திரையில் சுவர் இல்லை, மேஜை இல்லை. கைகள் இருந்தன. துணியின் ஓரம் இருந்தது. மேலும் கீழும் போகும் பாதம் இருந்தது. வேலை செய்யச் செய்ய அக்கா தன்னைத்தானே வரைந்துகொண்டிருந்தாள்.*

* அத்தானும் அதே அறையில்தான் செய்தித்தாளோடு இருந்தார். பக்கம் திருப்பும்போது மட்டும் தெரிந்தார்.

4

கடைசி வருஷத் தேர்வுக்கு இதையே வைக்கிறேன் என்றாள் வாலு. கல்லூரியில் துறைத்தலைவி சம்மதிக்கவில்லை. "சுவர்ல மாட்ட ஒரு படம் கொண்டு வா. இல்லைன்னா அடுத்த வருஷம் மறுபடி வா."

(இவரை வில்லியாக்கத்தான் பார்த்தேன். ஒரு கறுப்புக் கண்ணாடிகூட மாட்டிவிட்டேன். ஆனால் வாலுவின் கிறுக்கல்களையெல்லாம் இத்தனை காலம் பொறுமையாகப் பார்த்தவர் அவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.)

வாலு கெஞ்சிக் கூத்தாடினாள். கடைசியில் இறங்கி வந்தார். "சரி, திரையை மாட்டு. தேர்வுக்குழு பார்க்கட்டும். அதுல ஒண்ணும் இல்லைன்னா என்னைக் கேக்காத."

ஆக, கல்லூரிச் சுவரில் திரை, வீட்டில் அக்கா, நடுவில் நேரலை. குழுவிலும் எல்லோரும் பார்க்கிறோம் என்றார்கள். வாலு காலையில் கிளம்பும்போது, "அம்மா, நீ எப்பவும் போல இரு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனாள்.

5

எப்பவும் போல இருப்பது எப்படி என்று அக்காவுக்குத் தெரியவில்லை. மகளின் தேர்வு. பெரியவர்கள் பார்க்கப்போகிறார்கள். வெளியே போனால் மட்டும் உடுத்தும் நல்ல உடுப்பை எடுத்து உடுத்தினாள். வெட்டுத்துணிகளைப் பெருக்கி அள்ளினாள். தலை வாரினாள். மெஷின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்தாள். படம் பிடிக்கும்போது ஆடக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். மகளுக்காக மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள்.

கல்லூரிச் சுவரில் திரை வெள்ளையாயிற்று.

"லைன் போயிடுச்சா?" என்று எழுதினார் பழைய ரேடியோ.

"இல்ல, ஓடுது. அம்மா எங்கே?" என்றார் மூன்றாம் பூனை.

வாலு போன் செய்தாள். தொந்தரவு வேண்டாமென்று அக்கா போனை அணைத்து இழுப்பறைக்குள் போட்டிருந்தாள். துறைத்தலைவி பேனா மூடியைத் திறந்தார்.

(நிஜத்தில் இது ஒத்திகை நாளில் நடந்தது. வாலு அடுத்த அறையிலிருந்து "அசைம்மா!" என்று கத்தினாள், முடிந்தது. அவளைத் தொலைவில் கொண்டுபோய் நிறுத்தியது என் கைவரிசை.)

6

முடிவுகள்.

காற்றடித்து உடுப்பின் ஓரம் அசைகிறது. (அசையாது. அக்கா அதையும் ஊசி குத்தி வைத்திருக்கிறாள்.)

தேர்வுக்குழு வெள்ளைத் திரையைப் பார்த்து, "ஆகா, என்ன மௌனம்!" என்று முழு மதிப்பெண் போடுகிறது. (இப்படி எழுதினால் வாலு என்னோடு பேசமாட்டாள்.)

அத்தான் பக்கம் திருப்பு

(தூங்கிவிட்டார்.)

நானே உள்ளே போய் அக்காவின் தோளைத் தொடலாம்தான். ஆனால் மகளுக்காக ஒருத்தி இவ்வளவு அழகாக அசையாமல் உட்கார்ந்திருப்பதை எழுதிவிட்டு, அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் இப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தால் வாலுவின் வருஷம் போய்விடும்.

அதனால் உங்களைத்தான் கேட்கிறேன். நீங்களும் இவ்வளவு நேரம் அசையாமல்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுந்திருங்கள். அக்கா வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. தைக்கத் துணி ஏதாவது கையில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. துறைத்தலைவி இன்னும் எழுதத் தொடங்கவில்லை. கொஞ்சம் பலமாகவே தட்டுங்கள், மெஷின் சத்தத்திலேயே இருந்து இருந்து அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.