பாடத்துக்குப் பேசியது

எங்கள் அண்ணி தில்லையம்மாளுக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மகன் ராஜ்கமல், ஸ்டெல்லாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு சிதம்பரத்தில் குடியேறிய அன்று, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார்: "இனிமே அவங்க ரெண்டு பேருகிட்டயும் ஒரு வார்த்தை பேசமாட்டேன்." ஸ்டெல்லா அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், மாதா கோயிலுக்குப் போகிறவள். அந்தப் பெண் செய்த குற்றம் அவ்வளவுதான். என் அண்ணன் தேவநாதன் வாயில்லாப் பூச்சி. அண்ணியைத் தட்டிக்கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை, என்னையும் சேர்த்து.

நானும் அண்ணியும் திருப்பாதிரிப்புலியூரில் எஸ்.டி.டி. பூத் நடத்தினோம். ஆளாளுக்குச் சட்டைப்பையில் செல்போன் வந்த பிறகு அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஈ கூட நுழையவில்லை. சரியென்று ரீசார்ஜ், சார்ஜர், மெமரி கார்டு எனக் கடையை மாற்றினோம். காலேஜ் பிள்ளைகள் வந்து மோடம், புளூடூத் என்று கேட்டால் இருவரும் திருதிருவென்று விழிப்போம். அதற்காகத்தான் 2008 ஆடியில் மாலை வகுப்பில் சேர்ந்தோம். செல்போன், கம்ப்யூட்டர் சம்பந்தமான ஆங்கிலச் சொற்களைப் பழக்கும் வகுப்பு. மாஸ்டர் செம்பியனுக்கு மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது, ஆனால் கண்டிப்பு பலமாக இருந்தது. போர்டில் படம் போட்டுப் பக்கத்தில் சொல்லை எழுதுவார். வகுப்புக்குள் தமிழ் கூடாது.

ஆவணியில் ராஜ்கமலுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை விமானம். போனால் இரண்டு வருடம் கழித்துத்தான் லீவு. எனக்குப் போன் போட்டு, "அத்தை, அம்மா ஒரு தடவை பேசிட்டாங்கன்னா நிம்மதியா போவேன்" என்றான்.

அண்ணியிடம் சொன்னேன். "போவட்டும்" என்றார். அத்தோடு சரி. ஆனால் அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், தட்டைக் கழுவுகிறவள் நான், எனக்குத் தெரியாதா? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெற்ற பிள்ளையைவிடவா கற்பூரம் பெரிது?

வெள்ளிக்கிழமை வகுப்பில் செம்பியன் ஒரு பயிற்சி வைத்தார். ஒவ்வொருவரும் வெளியே யாருக்காவது போன் செய்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, போர்டில் இருக்கும் சொற்களை வைத்து ஆங்கிலத்தில் பேச வேண்டும்.

அண்ணியின் முறை வந்தது. "எனக்கு இங்கிலீஷ் தெரிஞ்சவங்க யாரு இருக்கா?" என்று என் காதில் முணுமுணுத்தார்.

"ஏன், நீங்க பெத்துப் படிக்கவச்சது ஒன்னு சிதம்பரத்துல இருக்குதே" என்றேன்.

முறைத்தார். எரித்தேவிடுவார் என்று நினைத்தேன். பிறகு போனைக் கையில் எடுத்து, "பாடத்துக்குப் பேசறது பேச்சுல சேருமா?" என்று கேட்டார்.

"எப்படிச் சேரும்? கற்பூரத்துக்கு இங்கிலீஷ் எங்க தெரியும்?"

நம்பரைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவர் கட்டைவிரல் அதை அழுத்தி முடித்திருந்தது.

"ஹலோ?" என்றான் ராஜ்கமல்.

"ஹலோ. திஸ் இஸ் தில்லையம்மாள். இங்கிலீஷ் கிளாஸ்."

"அம்மா!"

"நோ தமிழ். கிளாஸ் ரூல்."

பிள்ளை புத்திசாலி, பிடித்துக்கொண்டான். "எஸ், மேடம்" என்றான். குரல்தான் நடுங்கியது.

"யுவர் சார்ஜர்? பேக்டு?"

"பேக்டு."

"மஸ்கட் பிளக், டிஃபரன்ட் பின். நீட் அடாப்டர்."

"ஐ வில் பை."

"நோ. மை ஷாப் ஹேஸ்."

மஸ்கட்டில் எந்த மாதிரி பிளக் என்று வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. எங்கே கேட்டுத் தெரிந்துகொண்டாரோ, என்னிடம் மூச்சுவிடவில்லை. ஹெட்போன், பேட்டரி, சிக்னல் என்று அண்ணி போர்டை மேலிருந்து கீழாகக் கேட்டு முடித்தார். அதற்குமேல் சொல் இல்லை. போனை வைக்கவும் மனமில்லாமல் நின்றார்.

அந்தப் பக்கம் ஏதோ குசுகுசுப்பு. பிறகு, "ஹலோ, ஆன்ட்டி" என்று ஒரு பெண் குரல்.

ஸ்டெல்லா. இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். பாவம், இத்தனை நாள் தேக்கிவைத்ததை எல்லாம் இங்கிலீஷிலேயே கொட்டினாள். கான்வென்ட் படிப்பு, படபடவென்று வந்தது. 'அலோன்' என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. பாதியில் அழவும் தொடங்கிவிட்டாள்.

அண்ணி போர்டைப் பார்த்தார். அந்தச் சொற்கள் எதுவும் அங்கே இல்லை. மாஸ்டரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எம்மா, எம்மா, கொஞ்சம் நிறுத்து" என்றார் அண்ணி. "எனக்கு ஒன்னும் புரியல. அழுவாம தமிழ்ல சொல்லும்மா."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

"பயமா இருக்குது அத்தை" என்றாள் ஸ்டெல்லா. "அவரு போயிட்டா நான் மட்டும் இங்க தனியா இருக்கணும்."

அண்ணி வாயிலிருந்து கையை எடுத்தார். ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"சிதம்பரத்துக்கு இங்கேருந்து விடியக்காலையிலயே பஸ் இருக்குதும்மா" என்றார். "நம்ம வீட்டுலேருந்தே டூட்டிக்குப் போயிட்டு வந்துடலாம்."